மங்கலாக ஒரு வெற்றி!

உங்கள் வீட்டுப் பரணில் பழைய ‘கேம் பாய்’ ஏதாவது கிடக்கிறதா? தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! அதன் திருகுகளைக் கழற்றி, மங்கலான பழைய திரையை எடுத்துவிட்டு, பளிச்சென்ற புதுத் திரை பொருத்தி, மேல்கூட்டையும் கலர் கலராக மாற்றிக்கொள்ளும் ரசிகர்கள் இன்று உலகமெங்கும் உண்டு. ஆனால், அந்த மங்கல்தான் அதை ஜெயிக்க வைத்தது என்றால் நம்புவீர்களா?

அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். 1965-ல் ஜப்பானின் நின்டெண்டோவில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது, சீட்டுக்கட்டு தயாரிக்கும் மெஷின்களைப் பராமரிக்கிற வேலை! பொழுதுபோக்காக அவர் செய்த நீளும் கை பொம்மை முதலாளி யமவுச்சியின் கண்ணில் பட, வாழ்க்கையே திசை மாறியது.

யோகோயின் சித்தாந்தம் சிம்பிள். பழகிப்போய், விலை மலிந்துவிட்ட தொழில்நுட்பத்தை எடு. அதைப் புதுவிதமாக யோசி! 1989-ல் வந்த கேம் பாயில் வண்ணம் கிடையாது. திரைக்குப் பின்னால் விளக்கும் கிடையாது. மறு வருஷமே போட்டிக்கு வந்த சேகாவின் ‘கேம் கியர்’ கலரில் ஜொலித்தது. என்ன பிரயோஜனம்? ஆறு பேட்டரிகளை ஐந்தே மணி நேரத்துக்குள் விழுங்கி ஏப்பம் விட்டது! கேம் பாயோ நான்கே பேட்டரிகளில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. பின்னால் வந்த கலர் மாடலையும் சேர்த்து, சுமார் 11.87 கோடி விற்பனை!

1997-ல், 56 வயதில், சாலை விபத்தில் யோகோய் இறந்துபோனார். இன்று புதுத் திரை பொருத்துகிறவர்கள் சீக்கிரமே ஒன்றைக் கண்டுகொள்கிறார்கள். பேட்டரி முன்னைவிட வேகமாகத் தீர்ந்துவிடுகிறது. மனுஷர் அன்றைக்கே போட்டுவைத்த கணக்கு அது!