சாணியிலிருந்து காகிதம்: வந்த வழியும் நாம போக வேண்டிய வழியும்



செஞ்சியில வரலாறு எழுதுன்னு சொன்னா எல்லாரும் ராஜா தேசிங்கு கதையைத்தான் எழுதுவாங்க. நான் சாணிக் காகிதத்தோட வரலாற்றை எழுதியிருக்கேன். சிரிக்காதீங்க. சாணியில காகிதம் செய்ற தொழிலை ஆரம்பிக்கலாமான்னு நம்ம குழுக்களில் பேச்சு நடக்குது. ஆழம் தெரியாம காலை விடக் கூடாது. கடனுக்குக் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, இதை யார் ஆரம்பிச்சாங்க, எப்படி நிலைச்சாங்கன்னு நாம தெரிஞ்சுக்கணும்.

முதல்ல காகிதம்னா என்னன்னு பார்ப்போம். கி.பி. 105-ஆம் வருஷம் சீன அரண்மனையில அதிகாரியா இருந்த சாய் லுன், மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை இதையெல்லாம் இடிச்சுக் கூழாக்கிக் காகிதம் செய்ற முறையைச் சீராக்கினார்னு வரலாறு சொல்லுது. அத்தனையும் வேணாம்னு தூக்கிப் போடுற பொருள்தான். நார் இருக்கிற எந்தப் பொருளையும் இடிச்சு, தண்ணியில கலக்கி, சல்லடையில அள்ளிக் காய வச்சா அது காகிதம். இவ்வளவுதான் விஷயம்.

நம்ம பக்கம் அப்போ பனை ஓலையும் எழுத்தாணியும்தான். வடக்கே ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் பக்கத்துல சாங்கனேர்னு ஒரு ஊர். அங்கே காகிதம் செய்றதையே குலத்தொழிலா வச்சிருந்த குடும்பங்களுக்குக் 'காகஜி'ன்னே பேர். மிஷின் காகிதம் வந்ததும் கைக்காகிதம் படுத்துப் போச்சு.

அதைத் தூக்கி நிறுத்தினவங்களில் ஒருத்தர் நம்ம தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்கு படிச்சவர். 1934-இல் காந்தியோட சேர்ந்து வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தினார். அந்தச் சங்கம் வளர்த்த தொழில்களில் கைக்காகிதமும் ஒண்ணு. 1940-இல் புனேயில் கைக்காகிதத்துக்குன்னே ஒரு நிலையம் வந்துச்சு. 1959-இல் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமம் ஒரு கைக்காகிதத் தொழிற்சாலை ஆரம்பிச்சது. பருத்திக் கழிவுத் துணிதான் அங்கே மூலப்பொருள். செஞ்சியிலிருந்து பஸ் ஏறினா காலையில போய்ப் பார்த்துட்டு சாயங்காலம் திரும்பிடலாம்.

இப்போ சாணிக்கு வரேன். கரூர் பக்கம் புகளூரில் இருக்கிற தமிழ்நாடு அரசு காகித ஆலை கரும்புச் சக்கையில் காகிதம் செய்யுது. சாறு போனாலும் சக்கையில நார் மிஞ்சும். மாடும் யானையும் செய்றதும் அதே வேலைதான். புல்லையும் தழையையும் மென்னு, சத்தை எடுத்துக்கிட்டு, நாரை வெளியே தள்ளுது. இடிக்கிற வேலையில பாதியை அதோட வயிறே முடிச்சுடுது.

யானை தின்னுறதுல பாதி கூட செரிக்காது. அதனால லத்தியில நீள நீளமா நார் இருக்கும். நம்ம மாடு அசை போட்டு, நாலு அறை இருக்கிற வயித்துல நல்லா செரிச்சுடும். நார் குட்டையாவும் கொஞ்சமாவும்தான் மிஞ்சும். இந்த வித்தியாசத்தை மறக்காதீங்க, நம்ம கணக்கே இதுலதான் இருக்கு.

இலங்கையில கேகாலை பக்கம் பின்னவலையில 1975-இல் ஆரம்பிச்ச யானைகள் சரணாலயம் இருக்கு. அந்த வட்டாரத்துல 1997-இல் துசித ரணசிங்க 'மேக்சிமஸ்'னு ஒரு நிறுவனம் ஆரம்பிச்சு, யானை லத்தியும் பழைய காகிதமும் கலந்து காகிதம் செஞ்சார். அங்கே யானைக்கும் விவசாயிக்கும் ஓயாத சண்டை. யானையால ஊருக்குக் கூலி கிடைச்சா, யானையைப் பார்க்கிற பார்வையும் மாறும்னு இந்த வேலை காட்டுச்சு.

நம்ம நாட்டில் இது ஒரு கோட்டை வாசலில் ஆரம்பிச்சது. ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டைக்கு ஜனங்களை யானை மேல ஏத்திக்கிட்டுப் போவாங்க. மகிமா மெஹ்ராவும் விஜேந்திர ஷெகாவத்தும் கைக்காகிதத் தொழிலில் இருந்தவங்க. கோட்டைக்குப் போனப்போ வழியில கிடந்த லத்தியில நாரைப் பார்த்தாங்க. 2003-இல் வேலை தொடங்குச்சு. 'ஹாத்தி சாப்', அதாவது யானை முத்திரைன்னு பேர் வச்சாங்க. அந்த வழியில தினம் எத்தனையோ பேர் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் போயிருப்பாங்க. நாரைத் தெரிஞ்ச கண்ணுக்குத்தான் அது சரக்கா தெரிஞ்சது.

செய்முறை நம்ம அடுப்படி வேலை மாதிரிதான். லத்தியை நல்லா அலசணும். உப்பும் சோடாவும் போட்டு மணிக்கணக்கா வேக வைக்கணும். வாடையும் கிருமியும் போயிடும். அப்புறம் பருத்தித் துணிக் கூழோட சேர்த்து அரைச்சு, சல்லடைச் சட்டத்துல அள்ளி, பிழிஞ்சு, காய வச்சு, தேய்க்கணும். அலசின தண்ணி வயலுக்கு உரமா போகும்.

மாட்டுச் சாணியில இதைச் செஞ்சு காட்டினது சாங்கனேரில் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் கீழ் இருக்கிற தேசிய கைக்காகித நிலையம். அதுக்கு வச்சிருக்கிற பேரே குமரப்பா பேர்தான். 2018-இல் சாணியும் பருத்திக் கந்தலும் கலந்த காகிதத்தை வெளியிட்டாங்க. 2021 ஜனவரியில சாணியிலிருந்து செஞ்ச சுவர் பெயிண்டும் வந்துச்சு.

இதுலயிருந்து நமக்கு என்ன தெரியுது? ஆமேரில் லத்தி வழியில கிடந்த கழிவு. நம்ம வீட்டில் சாணி கழிவே இல்ல. வாசல் தெளிக்க, வரட்டி தட்ட, எருக்குழி நிரப்பன்னு தினம் அதுக்கு வேலை இருக்கு. அந்த வேலை முழுக்கப் பொம்பளைங்க கையால நடக்குது. அதனால உறுப்பினர்கிட்ட சாணி எடுத்தா நியாயமா விலை போட்டுக் கொடுக்கணும். "சாணிதானே, சும்மா கொடு"ன்னு ஆரம்பிச்சா தொழில் வளராது, மனஸ்தாபம்தான் வளரும். நாரை எடுத்தது போக மிஞ்சுற சாணிக் கரைசல் மறுபடி நிலத்துக்கே போகணும். அதையும் முதலிலேயே பேசி முடிவு பண்ணணும்.

நம்மகிட்ட யானை இல்ல. கோட்டைக்குள்ள யானைக்குளம் மட்டும்தான் மிச்சம். மாட்டுச் சாணியில நார் கம்மிங்கிறதால பருத்தித் துணி நிறைய வேணும். தையல் எடுக்கிற நம்ம உறுப்பினர்கிட்ட வெட்டுத் துணி இருக்கு. ஆனா நைலக்ஸ், பாலியஸ்டர் கலந்தா கூழ் ஆகாது, பிரிச்சு எடுக்கணும். இந்தத் தொழில் தண்ணியும் நிறைய கேட்கும். சித்திரை, வைகாசியில நம்ம கிணறு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அலசுற வேலையை மழைக்குப் பிந்தின மாசங்களில் வச்சுக்கிறதுதான் புத்தி.

எல்லாத்துக்கும் மேல, வாங்குறவங்க யாருன்னு தெரியணும். ஜெய்ப்பூர்க்காரங்க காகிதத்தை முதல்ல வாங்கினது வெளிநாட்டுக்காரங்க. பள்ளிக்கூட நோட்டு செஞ்சு மிஷின் காகிதத்தோட போட்டி போட யாராலயும் முடியல. டைரி, வாழ்த்து அட்டை, பரிசுப் பைன்னு செஞ்சு, இது எதுல செஞ்சதுங்கிற கதையையும் சேர்த்து வித்தவங்கதான் நிலைச்சாங்க.

நமக்கும் அந்த வாசல் திறந்திருக்கு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒரு தடவை மட்டும் பயன்படுத்துற பிளாஸ்டிக் பைக்குத் தடை. கடைக்காரங்களுக்குப் பை வேணும். 2025 ஜூலையில மராட்டியர் கோட்டைகளின் வரிசையில் நம்ம செஞ்சிக் கோட்டையையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது. மலையேறிப் பார்க்க வர்றவங்க கையில நம்ம ஊர்ப் பொருள்னு கொண்டு போக என்ன இருக்கு? ராஜகிரி படம் போட்ட ஒரு சின்ன நோட்டு இருந்தா வாங்க மாட்டாங்களா?

என் யோசனை இதுதான். கடன் மனு எழுதுறது அப்புறம் இருக்கட்டும். ஒரு கூடை சாணி, ஒரு பை வெட்டுத் துணி, வேக வைக்க ஒரு பெரிய அண்டா, பழைய மிக்ஸி, கொசுவலை அடிச்ச மரச்சட்டம் இதை வச்சு பத்துத் தாள் செஞ்சு பார்ப்போம். ரெண்டு பேர் புதுச்சேரிக்குப் போய் அங்கே எப்படி செய்றாங்கன்னு பார்த்துட்டு வரட்டும். இன்னும் ரெண்டு பேர் அந்தத் தாளை எடுத்துக்கிட்டு செஞ்சி பஜாரில் பத்துக் கடை ஏறி, இதுக்கு என்ன விலை தருவீங்கன்னு கேட்கட்டும். அந்தப் பத்துக் கடைக்காரங்க சொல்ற பதிலை நம்ம தீர்மானப் புத்தகத்துல எழுதி வச்சுட்டு, கடன் வேணுமா வேணாமான்னு அடுத்த கூட்டத்துல எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணலாம்.