கருந்துளைப் பட்டியல்

1982-ஆம் ஆண்டு ஜான் போஸ்டல் வகுத்தளித்த எஸ்எம்டிபி என்னும் மின்னஞ்சல் பரிமாற்ற நெறிமுறையில், அனுப்புபவர் யார் என்பதைச் சோதித்தறியும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களுமே பெரும்பாலும் இணைந்திருந்த அன்றைய வலையமைப்புக்கு அது குறையாகப் படவில்லை; முன்பின் அறியாதவரின் மடலையும் வாங்கி உரிய இடத்துக்கு அனுப்பிவைத்த அஞ்சல் வழங்கிகள், பின்னாளில் 'திறந்த ரிலே' என்று பழிக்கப்பட்டபோதிலும், அந்நாளில் நல்லுதவியாகவே மதிக்கப்பட்டன. 1990-களின் நடுப்பகுதியில் இணையம் வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டதும், விளம்பரக்காரர்கள் இந்தத் தாராளத்தைக் கண்டுகொண்டனர். ஒரே மடலை நூற்றுக்கணக்கான முகவரிகளோடு ஏதேனும் ஒரு திறந்த ரிலேயிடம் ஒப்படைத்துவிட்டால், அதைப் படியெடுத்து அனுப்பும் செலவு முழுவதும் அந்தக் கணினியின் உரிமையாளர் தலையில் விழுந்தது.

இதற்கு விடையாகத் தோன்றியதே தடைப்பட்டியல். இணையப் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித்தரும் 'பைண்ட்' என்னும் மென்பொருளைப் பராமரித்துவந்த பால் விக்சி, டேவ் ராண்ட் என்பவருடன் சேர்ந்து கலிபோர்னியாவில் 'மேப்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கி, 1997-இல் 'ரியல்டைம் பிளாக்ஹோல் லிஸ்ட்' எனப்பட்ட பட்டியலை வெளியிட்டார். குப்பை அஞ்சலுக்கு இடங்கொடுக்கும் ஐ.பி. முகவரிகள், அதாவது கணினிகளை இனங்காட்டும் எண்கள், அதில் இடம்பெற்றன. தொடக்கத்தில் இது வலையமைப்புகளின் வழித்தடத் தகவலாகவே பகிரப்பட்டது. அதை ஏற்ற வலையமைப்பிலிருந்து அந்த முகவரிகளுக்குச் செல்லும் தரவு அனைத்தும் கருந்துளையில் விழுந்ததுபோல் மறைந்துபோனது. அடுத்து வந்த முறை எளிமையானது. மடலைப் பெறும் வழங்கி, அனுப்பும் கணினியின் எண்ணைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி, 192.0.2.99 என்பதை 99.2.0.192 என்றாக்கி, அதன் பின்னே பட்டியலின் பெயரைச் சேர்த்து, டிஎன்எஸ் என்னும் பெயர் முறைமையிடம் கேட்கும். 127.0.0.2 போன்றதொரு விடை வந்தால் அந்த எண் பட்டியலில் உள்ளது என்றும், அப்படியொரு பெயரே இல்லை என்ற விடை வந்தால் எண்ணின் மீது புகாரில்லை என்றும் பொருள். மடலின் உள்ளடக்கம் வந்துசேரும் முன்னரே, மிகச் சொற்பச் செலவில் அதைத் திருப்பியனுப்ப இம்முறை இடமளித்தது.

பட்டியல்களின் பயன் மறுக்கத்தக்கதன்று. தம் மடல்கள் திரும்பி வரத் தொடங்கிய பின்னரே பல நிறுவனங்கள் தமது திறந்த ரிலேக்களை மூடின; புகார்க் கடிதங்களுக்கு அசையாத இணையச் சேவை நிறுவனங்கள், பட்டியலில் ஏறிய பிறகு குப்பை அஞ்சல்காரர்களை வெளியேற்றின. தாங்கள் எதையும் தடுக்கவில்லை, கருத்து மட்டுமே தெரிவிக்கிறோம், ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பம் என்று பட்டியல் நடத்தியோர் வாதிட்டனர். சட்டத்தின் பார்வையில் அது வலுவான வாதமே. ஆனால் ஆயிரக்கணக்கான வழங்கிகள் ஒரே கருத்தை ஆராயாமல் பின்பற்றும்போது, கருத்துக்கும் தண்டனைக்கும் இடையிலான தூரம் சுருங்கிவிடுகிறது என்பதை அவ்வாதம் கணக்கில் கொள்ளவில்லை.

இதன் கூர்மை மீடியா3 நிறுவனத்தின் வழக்கில் வெளிப்பட்டது. குப்பை அஞ்சல் அனுப்பும் மென்பொருளை விற்ற சில தளங்களுக்கு அந்நிறுவனம் இடமளித்ததால், மேப்ஸ் அதன் முகவரிகளைத் தொகுதி தொகுதியாகப் பட்டியலிட்டது. அதே தொகுதியில் இருந்த, குப்பை அஞ்சலோடு தொடர்பற்ற 'பீஸ்ஃபயர்' என்னும் தளமும் அகப்பட்டுக்கொண்டது. இணையத் தணிக்கையை எதிர்ப்பதையே பணியாகக் கொண்ட தளம் அது என்பது வரலாற்றின் குறும்பு. இது தற்செயலான பிழையன்று. குற்றமற்ற வாடிக்கையாளர்கள் துன்புற்றால்தான் இடங்கொடுத்தவர் இறங்கிவருவார் என்பதே அந்த நெருக்குதலின் அடிப்படை. பட்டியலின் வலிமையும் அநீதியும் ஒரே இடத்திலிருந்து பிறந்தன. பட்டியலை நிறுத்திவைக்கக் கோரிய மீடியா3-இன் மனுவை 2001-இல் மாசசூசெட்ஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ஏற்கவில்லை.

நடத்துபவர்களின் குணம் பட்டியலின் குணமாகவே அமைந்தது. நியூசிலாந்திலிருந்து இயங்கிய 'ஆர்ப்ஸ்', குப்பை அஞ்சல் வந்ததா என்று பாராமல், திறந்த ரிலே என்று சோதனையில் தெரிந்தாலே பட்டியலிட்டு, வழக்குகளின் நடுவே 2001-இல் மூடப்பட்டது. 'ஸ்பியூஸ்' பட்டியலை நடத்தியவர்கள் தம் பெயரையே வெளியிடாததால், தவறாகச் சேர்க்கப்பட்டவர் முறையிட ஆளே இல்லாமற்போனது. ஆஸ்திரேலியாவில் பிறந்த 'சார்ப்ஸ்', ஒரு காலத்தில் பெயர் நீக்கத்துக்கு அறக்கொடை கேட்டுக் கடும் வெறுப்பைச் சம்பாதித்தது. அத்தொகை தமக்கன்றி வேறு அறச்செயல்களுக்கே சென்றது என்று கூறப்பட்டாலும் வெறுப்பு தணியவில்லை.

நீதிமன்றங்களின் கை எவ்வளவு நீளும் என்பதற்கும் இவ்வரலாற்றில் சான்று உண்டு. 1998-இல் ஸ்டீவ் லின்ஃபோர்டு தொடங்கிய பிரிட்டனின் 'ஸ்பேம்ஹாஸ்' அமைப்பின் மீது இ360 என்னும் நிறுவனம் இல்லினாய்ஸில் வழக்குத் தொடுத்தது. அந்த நீதிமன்றத்துக்குத் தம் மீது அதிகாரமில்லை என்று ஸ்பேம்ஹாஸ் எதிர்வாதத்தைக் கைவிட்டதால், 2006-இல் 1,17,15,000 டாலர் இழப்பீடு தீர்ப்பாயிற்று. மேல்முறையீடுகளின் வழியே அத்தொகை தேய்ந்து, 2011-இல் 3 டாலராக முடிந்தது.

வழக்குகளைக் காட்டிலும் மிகுந்த சேதத்தை விளைவித்தது பட்டியல்களின் மரணமே. 2003 ஆகஸ்டில், தாக்குதலுக்கு உள்ளாகிய 'ஒசிரூசாஃப்ட்' பட்டியல் மூடப்படும் வேளையில், கேட்கப்பட்ட எந்த முகவரிக்கும் 'உள்ளது' என்றே விடையளித்தது. அதை நம்பியிருந்த வழங்கிகள் உலகின் எல்லா மடல்களையும் திருப்பியனுப்பின. மூடுவிழாவில் இணையம் முழுவதையும் பட்டியலிடும் இவ்வழக்கம் கூடாது என்று 2012-இல் வெளியான ஆர்எஃப்சி 6471 என்னும் வழிகாட்டி ஆவணம் எடுத்துரைத்தது. ஆயினும் 2014-இல் மூடப்போவதை முன்கூட்டியே அறிவித்த 'ஏஎச்பிஎல்', கேள்விகள் நின்றபாடில்லாததால், 2015 புத்தாண்டில் அதே வழியை மேற்கொண்டது. என்றோ ஒருநாள் அமைவுக் கோப்பில் அதன் பெயரை எழுதிவைத்து மறந்துபோன வழங்கி நிர்வாகிகள், அந்த வரியைத் தேடி அழிக்க வேண்டியதாயிற்று.