ஈத்தூண்டில் முடிச்சுக் கருவியின் வரலாறு

ஈத்தூண்டில் முடிச்சுக் கருவி என்பது, ஈத்தூண்டிலின் தடித்த கயிற்றையும் அதன் முனையில் சேர்க்கப்படும் மெல்லிய நரம்பையும் பிணைக்க உதவும் சிறிய உலோகக் கருவியாகும். விரல் நீளமே உள்ள இக்கருவி 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவலானது. ஆயினும் அது தோன்றுவதற்கான காரணம் தூண்டில் கயிற்றின் நீண்ட வரலாற்றில் உள்ளது. குதிரைமயிர், பட்டுக்குடல், நைலான் எனக் கயிறு செய்யும் பொருள் மாறியபோதெல்லாம் முடிச்சும் மாற வேண்டியிருந்தது.

முடிச்சின் தேவை

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போய் நீரில் விழும். ஈத்தூண்டிலில் (ஃப்ளை ஃபிஷிங்) இரை என்பது இறகும் நூலும் சுற்றிய முள் மட்டுமே. அதற்கு எடை கிடையாது. ஆகவே கயிறே கனமாக இருந்து இரையைச் சுமந்து செல்ல வேண்டும். ஆனால் தடித்த கயிறு கண்ணில் பட்டால் டிரவுட் போன்ற மீன்கள் விலகிவிடும். இதனால் கயிற்றின் முனையில், நுனி நோக்கி மெலிந்து செல்லும் நரம்பு ஒன்று சேர்க்கப்படுகிறது. இது 'லீடர்' எனப்படும். பொதுவாக இதன் நீளம் 9 அடி அளவில் இருக்கும். கயிறும் லீடரும் தடிமனில் வேறுபட்டவை. பெரிய மீன் இழுக்கும்போது முதலில் விட்டுப்போவது பெரும்பாலும் முடிச்சுதான்.

குதிரைமயிர்க் காலம்

மாசிடோனியர்கள் சிவப்புக் கம்பளி நூலையும் இறகையும் முள்ளில் கட்டி ஆற்றில் மீன் பிடித்ததை உரோமை எழுத்தாளர் ஏலியன் ஏறத்தாழ கி.பி. 200 இல் பதிவு செய்துள்ளார். இங்கிலாந்தில் 1496 இல் வின்கின் டி வோர்டு அச்சிட்ட தூண்டில் நூல், கயிறு செய்யும் முறையை விரிவாகக் கூறுகிறது. குதிரைவால் மயிரை முறுக்கிக் கயிறாக்க வேண்டும். மிகச் சிறிய மீனுக்கு 1 மயிர், டிரவுட்டுக்கு 9, பெரிய டிரவுட்டுக்கு 12, சால்மனுக்கு 15 என அந்நூல் கணக்கிட்டுத் தருகிறது. மயிரை முறுக்குவதற்கு ஒரு கருவியையும் அது விவரிக்கிறது. முறுக்கிய துண்டுகளை ஒன்றோடொன்று முடிவது மட்டும் கைவேலையாகவே இருந்தது.

அக்காலத் தூண்டிலில் உருளை இல்லை. கயிறு கோலின் நுனியிலேயே கட்டப்பட்டது. முடிச்சு எந்த வளையத்துக்குள்ளும் புகுந்து செல்ல வேண்டியதில்லை என்பதால் அது சற்றுப் பருத்திருந்தாலும் இடையூறு இல்லை.

பட்டுக்குடல்

18 ஆம் நூற்றாண்டில் பட்டுக்குடல் வழக்கிற்கு வந்தது. கூடு கட்டும் பருவத்தை எட்டிய பட்டுப்புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியைப் பிரித்து இழுத்து நரம்பாக்கினர். ஸ்பெயினின் முர்சியா இத்தொழிலின் மையமாக விளங்கியது. ஒரு துண்டு ஓரடிக்குச் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும். எனவே ஒரு லீடர் செய்யப் பல துண்டுகளை முடிய வேண்டியிருந்தது. உலர்ந்த பட்டுக்குடல் முடியும்போதே முறியும். ஆகையால் அதை முன்கூட்டியே நனைத்து, ஈரத்துணி வைத்த தகரப்பெட்டியில் கொண்டு செல்வர்.

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காதுள்ள முள் பரவியது. அதுவரை முள்ளோடு நரம்பைச் சேர்த்துக் கட்டியே விற்றனர். இனி ஆற்றங்கரையில் நின்று மீன்பிடிப்பவரே முடிச்சுப் போட வேண்டும். டர்ல் முடிச்சு போன்றவை இத்தேவையால் புகழ்பெற்றன.

நைலானும் ஆணி முடிச்சும்

1935 இல் டூபாண்ட் நிறுவனத்தில் வாலஸ் கரோதர்ஸ் நைலானை உருவாக்கினார். தமிழக மீனவர் தங்கூசி என்று அழைக்கும் ஒற்றை இழை நரம்பு இதிலிருந்து வந்ததே. இதை ஊறவைக்க வேண்டியதில்லை; எவ்வளவு நீளத்துக்கும் கிடைக்கும். ஆனால் வழவழப்பானது. பட்டுக்குடலில் இறுகி நின்ற சில முடிச்சுகள் நைலானில் நழுவின. கூடுதல் சுற்றுகள் கொண்ட முடிச்சுகள் தேவைப்பட்டன.

1950களில் எண்ணெய் ஊட்டிய பட்டுக் கயிற்றின் இடத்தை நெகிழிப் பூச்சுக் கொண்ட கயிறு பிடிக்கத் தொடங்கியது. உருளையில் கயிற்றைச் சுற்றும்போது முடிச்சு கோலின் வளையங்களில் சிக்காமல் செல்ல வேண்டும். இதற்குப் பொருந்தியது ஆணி முடிச்சு. கயிற்றோடு ஓர் ஆணியைச் சேர்த்துப் பிடித்து, லீடரின் தடித்த முனையால் இரண்டையும் நெருக்கமாகச் சுற்றுவர். ஆணி விட்ட இடைவெளி வழியாக முனையை நுழைத்து, ஆணியை உருவி இறுக்குவர். சுற்றுகள் மென்மையான பூச்சில் பதிந்து பிடித்துக்கொள்ளும். அமெரிக்க எழுத்தாளர் ஜோ புரூக்ஸ் இம்முடிச்சைப் பரவலாக்கினார்.

ஆணியிலிருந்து கருவி

ஆணியைப் பயன்படுத்துவதில் ஒரு சிக்கல் இருந்தது. கயிறு, நரம்பு, ஆணி மூன்றையும் இரு விரல்களுக்கிடையே பிடித்தபடி சுற்ற வேண்டும். முனையை நுழைக்கும் நேரத்தில் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். சிலர் ஆணிக்குப் பதில் மெல்லிய குழாயை வைத்தனர். முனையைக் குழாய்க்குள் செலுத்துவது எளிதாயிற்று. இதன் அடுத்த படியே இன்றைய கருவி. இதில் குழாயின் வேலையை நீளவாக்கில் அமைந்த பள்ளம் செய்கிறது.

இதைப் பயன்படுத்தும் முறை:

1. லீடரைக் கருவியின்மேல் வைத்துக் கட்டை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.
2. அதன் முனையைக் கருவியைச் சுற்றி 5 அல்லது 6 முறை நெருக்கமாகச் சுற்ற வேண்டும்.
3. பள்ளம் வழியாக, சுற்றுகளுக்கு அடியில் முனையை நுழைத்து இழுக்க வேண்டும்.
4. தூண்டில் கயிற்றின் முனையையும் அதே பள்ளத்தில் நுழைக்க வேண்டும்.
5. சுற்றுகளை நனைத்து, மெல்லக் கருவியிலிருந்து நழுவவிட்டு இறுக்க வேண்டும்.

கடைசிப் படியில் நனைப்பதை விட்டுவிடக் கூடாது. உலர்ந்த நைலானை வேகமாக இறுக்கினால் உராய்வுச் சூட்டில் அது வலுவிழக்கும். கருவி சுற்றுகளை ஒழுங்காக வைத்துத் தரும். முடிச்சு சரியாக இறுகியதா என்பதை இழுத்துப் பார்த்தே அறிய வேண்டும்.

இன்றைய நிலை

இப்போது பல தூண்டில் கயிறுகள் முனையில் கண்ணியுடனேயே விற்கப்படுகின்றன. லீடரின் கண்ணியை அதில் கோத்தால் போதும். ஆனால் ஆற்றங்கரையில் அக்கண்ணி கிழிந்தாலோ அறுந்தாலோ ஆணி முடிச்சே கைகொடுக்கிறது. குளிரில் விரல் விறைத்தவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் அதைப் போட்டுத் தருவது இச்சிறு கருவி.