தாராவிடம் வழி கேட்ட துறவி

அறுபதை நெருங்கும் வயதில் அந்தத் துறவியின் முன் ஓர் அழைப்பு வந்து நின்றது. இன்றைய பிகாரில், பாகல்பூருக்குக் கிழக்கே கங்கைக் கரையில் இருந்த விக்கிரமசீல மகாவிகாரையில் அவர் ஆசிரியர். மேற்குத் திபெத்தின் குகே நாட்டிலிருந்து பனிமலை தாண்டிப் பொன்னோடு வந்த தூதர்கள், தங்கள் நாட்டில் தம்மம் நிலைகுலைந்து கிடப்பதாகவும் அவர் வந்தே ஆகவேண்டும் என்றும் மன்றாடினார்கள். விகாரையின் தலைவர் ரத்னாகரசாந்திக்கோ அவரை அனுப்ப மனமில்லை. தீபங்கர ஸ்ரீஞானர் என்ற தீட்சைப் பெயர் கொண்ட அந்தத் துறவியை அதீசர் என்றே உலகம் அறியும். போகலாமா, வேண்டாமா என்று அவர் கேட்டது தாராவிடம்.

தாராவின் பதிலைத் திபெத்தியர் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறுகள் பதிவு செய்திருக்கின்றன. போனால் அந்த நாட்டுக்குப் பெரும் பயன் விளையும். ஆனால் அவருடைய ஆயுளில் ஏறத்தாழ 20 ஆண்டு குறையும்.

அதீசர் புறப்பட்டார்.

அவருக்குப் பதில் சொன்ன தேவி யார்? சிற்பியின் கையில் அவள் பெறும் உருவத்தைப் பார்ப்போம். தாமரைப் பீடத்தில் இடக்காலை மடித்து, வலக்காலைக் கீழே தொங்கவிட்டு, அந்தப் பாதத்தைச் சிறு தாமரை ஒன்றின் மேல் ஊன்றி அமர்ந்திருப்பாள். எழுந்து வரத் தயாராக இருப்பவளின் கால் அது என்று பௌத்த மரபு விளக்கம் சொல்கிறது. வலக்கை வரம் தரும். இடக்கையில் கருங்குவளையின் தண்டு தோள் வரை ஏறி மலர்ந்திருக்கும். நிறம் பச்சை. மகுடத்தில் அமோகசித்தி புத்தரின் சிற்றுருவம். வெண்தாரா, சிவப்புத் தாரா என்று வேறு கோலங்களும் உண்டு. ஆயினும் கூப்பிட்ட குரலுக்கு முதலில் ஓடி வருபவள் பச்சைத் தாராதான் என்பது அடியார்களின் நம்பிக்கை.

தொடக்கத்தில் அவளுக்கு இந்தத் தனியிடம் இல்லை. மேற்கு இந்தியக் குகைகளில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அஜந்தாவின் 4-ஆம் குகையிலும் அவுரங்காபாத்தின் 7-ஆம் குகையிலும் போதிசத்துவர் அவலோகிதேஸ்வரர் நடுவில் பெரிதாக நிற்கிறார். இருபுறமும் சிறு சிறு காட்சிகள்: யானை துரத்துகிறது, சிங்கம் பாய்கிறது, பாம்பு சீறுகிறது, தீ சூழ்கிறது, கள்வன் வாளை ஓங்குகிறான், விலங்கு பூட்டிய கைதி ஒருவன், கவிழும் கப்பல் ஒன்று. ஒவ்வொன்றிலும் அஞ்சி நடுங்கும் மனிதர்கள் அவரை நோக்கிக் கைகூப்புகிறார்கள். மும்பைக்கு அருகே உள்ள கன்னேரியின் 90-ஆம் குகையிலும் இதே காட்சிதான். அங்கே தாரா அவருக்குப் பக்கத்தில் துணையாக நிற்கிறாள்.

இந்தப் பயங்களின் பட்டியலை நிதானமாகப் பாருங்கள். காட்டு விலங்கு, கொள்ளைக்காரன், கடல், அயல்நாட்டுச் சிறை. வீட்டில் இருப்பவனைவிட வழிப்போக்கனை வாட்டும் பயங்கள் இவை. கன்னேரிக்குக் கொடையளித்தவர்களில் சோப்பாரா, கலியாண் போன்ற வணிக நகரங்களைச் சேர்ந்தவர்கள் உண்டு என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. சரக்கேற்றிப் புறப்படும் முன் இந்தக் குகைக்கு வந்து, கவிழும் கப்பலின் சிற்பத்தைப் பார்த்த ஒரு வணிகனின் மனம் எப்படி அடித்துக்கொண்டிருக்கும்!

சில நூற்றாண்டுகளில் இடம் மாறியது. ஒடிசாவின் ரத்னகிரியில் கிடைத்த சிற்பத்தில் இத்தகைய பயங்களின் காட்சிகளுக்கு நடுவே நிற்பவள் தாராவே. பக்கத்தில் நின்றவள் நடுவுக்கு வந்துவிட்டாள்.

7-ஆம் நூற்றாண்டில் சீனப் பயணி சுவான்சாங் மகத நாட்டில் சுற்றியபோதே தாராவின் திருவுருவங்களைக் கண்டு குறித்திருக்கிறார். நாலந்தாவுக்கு அருகே செங்கல் விகாரை ஒன்றில் இருந்த உயர்ந்த தாரா உருவத்துக்கு ஆண்டுப் பிறப்பு நாளில் மன்னர்களும் அமைச்சர்களும் பெருங்குடி மக்களும் பூவும் நறும்புகையும் கொண்டுவந்து வழிபட்டார்கள் என்கிறார். அடுத்த நூற்றாண்டிலேயே தாரா கடல் தாண்டிவிட்டாள். ஜாவாவின் யோக்யகர்த்தாவுக்குக் கிழக்கே உள்ள கலசன் கோயில் அவளுக்காக எழுந்தது. சைலேந்திர குலகுருமார் பணங்கரன் என்ற அரசரை இசையவைத்து அதைக் கட்டுவித்த செய்தியைச் சக ஆண்டு 700, அதாவது பொ.ஆ. 778-இல் வெட்டிய சமஸ்கிருதக் கல்வெட்டு சொல்கிறது. கலசம் என்ற ஊரே அதற்குக் கொடையாகத் தரப்பட்டது. அந்த ஊர்ப்பெயர்தான் இன்று கோயிலின் பெயர்.

இலங்கையின் கிழக்குக் கரையிலும் அவள் இருந்தாள். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் கிடைத்த, பொன்முலாம் பூசிய 143 செ.மீ. உயரமுள்ள வெண்கலத் தாரா இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் நிற்கிறாள். ஏறத்தாழ 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆளுநராக இருந்த ராபர்ட் பிரவுன்ரிக் எடுத்துச் சென்று, 1830-இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். ஆடை இடைக்குக் கீழேதான் இருக்கிறது என்பதற்காக, வந்த புதிதில் பல ஆண்டுகள் பொதுமக்கள் கண்ணில் படாமல் அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். வணங்குவதற்காக வார்த்த உருவத்துக்கு நேர்ந்த அவமதிப்பு என்றே அதைச் சொல்ல வேண்டும். அதே கரையில், திருகோணமலைக்கு வடக்கே திரியாயில், வணிகக் குழுவினர் எழுப்பிய பௌத்தத் தலம் ஒன்று இருக்கிறது. அங்குள்ள சமஸ்கிருதக் கல்வெட்டின் எழுத்து நம் மாமல்லபுரத்துப் பல்லவ கிரந்தத்தோடு உறவுடையது. இங்கும் துறைமுகம், வணிகர், காக்கும் தெய்வம் மூன்றும் ஒன்றாகவே வருகின்றன.

கடலில் தத்தளிப்பவரைத் தூக்கிவிடும் பெண்தெய்வம் தமிழருக்குப் புதியவள் அல்ல. கோவலனின் முன்னோர் ஒருவர் மரக்கலம் உடைந்து கடலில் தவித்தபோது மணிமேகலா தெய்வம் கரைசேர்த்தது. அந்த நன்றியில்தான் கோவலன் தன் மகளுக்கு மணிமேகலை என்று பெயரிட்டான் என்று சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதை சொல்கிறது. பாலி மொழியின் மகாஜனக ஜாதகத்திலும் ஏழு நாள் கடலில் நீந்திய இளவரசனைத் தூக்கிச் செல்பவள் இதே தெய்வம். தாராவும் மணிமேகலாவும் ஒருத்தியே என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. இரண்டும் தனித்தனி மரபுகள். இரண்டையும் வளர்த்த அச்சம் மட்டும் ஒன்று.

இனி, காட்சிக்கு வருவோம். தாராவை நேரில் கண்டதாகச் சொன்னவர்கள் எதைக் கண்டார்கள்?

இதற்கு விடை தேடுகிறவர்கள் 'சாதனமாலா' என்ற தொகுப்பைப் புரட்ட வேண்டும். தெய்வங்களைத் தியானிக்கும் முறைகளைச் சொல்லும் 312 சாதனங்கள் அதில் உள்ளன. பினயதோஷ் பட்டாச்சார்யா அவற்றைப் பதிப்பித்து 1925-லும் 1928-லும் இரு தொகுதிகளாக பரோடாவிலிருந்து வெளியிட்டார். தாராவுக்கான சாதனங்கள் அதில் பல. தியானிப்பவர் முதலில் எல்லா உயிர்கள் மேலும் அன்பைப் பரப்புகிறார். பிறகு யாவும் வெறுமை என்று உணர்கிறார். அந்த வெறுமையில் ஒரு நிலவட்டம், அதன் மேல் 'தாம்' என்ற வித்தெழுத்து, அதிலிருந்து கருங்குவளை, அதிலிருந்து தேவி. நிறம், வயது, அணிகலன், கை வைத்திருக்கும் பாங்கு, மகுடத்தில் யார் என்பது வரை எல்லாம் சொல்லப்பட்டிருக்கும். இறுதியில் தியானிப்பவர் தம்மையே தாராவாகக் காண வேண்டும்.

வெண்கலம் வார்த்த சிற்பியும் இதே இலக்கணத்தைத்தான் பின்பற்றினார். ஆகவே இளமை முதல் விகாரையில் அந்த உருவத்தைத் தொழுது, ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் அதையே மனத்தில் எழுதி அழித்து மறுபடி எழுதிய ஒருவருக்கு, நெருக்கடியான ஒரு நாளில் தேவி தோன்றினாள் என்றால் அவள் கருங்குவளையோடுதான் தோன்றுவாள். காட்சி பொய் என்று நிறுவ இதை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அந்தத் துறவிகளோ இதை மறைக்கவே இல்லை. பழகிய கண்ணுக்கே தெய்வம் புலப்படும் என்பதே அவர்கள் கற்பித்த பாடம். எந்த உருவத்தைக் கண்டார் என்பதைவிட, கண்டபின் என்ன செய்தார் என்பதில்தான் வரலாற்றாசிரியனுக்கு வேலை இருக்கிறது.

உருவமும் காட்சியும் எவ்வளவு நெருக்கமானவை என்பதைச் சந்திரகோமி பற்றிய கதைகள் அழகாகக் காட்டுகின்றன. இவர் இலக்கண அறிஞர், துறவு பூணாத இல்லற அடியவர். இவரைப் பற்றித் திபெத்திய வரலாற்றாசிரியர் தாராநாதர் எழுதியிருக்கிறார். தாராவுக்கென்றே 1604-இல் தனி வரலாற்று நூல் ஒன்றும் எழுதியவர் தாராநாதர். ஓர் ஏழைக் கிழவி தன் மகளின் திருமணத்துக்குப் பொருள் கேட்டு வந்தாள். சந்திரகோமியிடம் கொடுக்க எதுவும் இல்லை. சுவரில் இருந்த தாராவின் ஓவியத்தின் முன் நின்று அழுதார். ஓவியம் உயிர்பெற்று, தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தது. அதன் பிறகு அந்த ஓவியத்தில் நகைகள் இல்லை. 'அணியில்லாத தாரா' என்றே பெயர் பெற்றது.

இன்னொரு கதையில், அரசன் தன் மகளை அவருக்கு மணமுடித்து வைக்கிறான். அவள் பெயரும் தாரா. தம் தெய்வத்தின் பெயர் கொண்டவளோடு வாழ்வது முறையல்ல என்று சந்திரகோமி விலக, சினந்த அரசன் அவரைப் பெட்டியில் அடைத்துக் கங்கையில் விடுகிறான். அவர் தாராவை வேண்ட, கங்கை கடலோடு கலக்குமிடத்தில் ஒரு தீவில் பெட்டி ஒதுங்குகிறது. அந்தத் தீவே சந்திரத்தீவு ஆயிற்று என்கிறார் தாராநாதர். கதைதான். ஆனாலும் வங்கத்துக் கழிமுகத்தில் ஆற்றோடும் கடலோடும் வாழ்ந்த மக்கள் தாராவிடம் எதை எதிர்பார்த்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த வங்கத்தில்தான் 982-இல் அதீசர் பிறந்தார். பிறந்த ஊர், டாக்காவுக்கு அருகே விக்கிரமபுரம். அரச குடும்பத்துப் பிள்ளை. இளம்பருவத்திலிருந்தே தாரா அவருக்குத் துணை நின்றாள் என்கின்றன வாழ்க்கை வரலாறுகள். புத்தகயையை வலம் வந்தபோது இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டாராம். விரைவாகப் புத்தநிலை அடையச் சிறந்த பயிற்சி எது என்று ஒருத்தி கேட்க, எல்லா உயிர்களுக்காகவும் விடுதலையை நாடும் போதிசித்தமே என்று மற்றவள் சொன்னாள். அவர்கள் தாராவின் வடிவங்கள் என்று மரபு கருதுகிறது. அதைக் கற்பிக்கும் பேராசான் யார் என்று தேடிய அதீசர் கப்பல் ஏறினார். புயலும் அலையுமாகப் 13 மாதங்கள் கடந்து அவர் இறங்கிய இடம் சுவர்ணத்தீவு, அதாவது சுமத்ரா.

அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர் தர்மகீர்த்தி. இவர் எழுதிய உரைநூல் ஒன்று ஸ்ரீவிஜயத்தில் சூடாமணிவர்மன் ஆண்டபோது எழுதப்பட்டதாக அதன் இறுதிக் குறிப்பு சொல்கிறது. தமிழ் வாசகருக்கு இந்தப் பெயர் பழக்கமானது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரை இவர் பெயரால்தான் எழுந்தது. அவருடைய மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் கட்டுவித்த அந்த விகாரைக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாகக் கொடுத்ததை லெய்டன் செப்பேடுகள் கூறுகின்றன. அதீசர் கற்ற விகாரையையும் நாகையின் விகாரையையும் ஒரே அரச குலம் போற்றியிருக்கிறது. அவர் அங்கே 12 ஆண்டுகள் தங்கி, ஏறத்தாழ 1025-இல் திரும்பினார் என்பது வழக்கமான கணக்கு. ராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியதும் அதே காலம்தான். துறவியும் போர்க்கலங்களும் ஒரே கடலில் எதிரெதிர்த் திசையில் சென்ற அந்த ஆண்டுகளை எண்ணும்போது மனம் கனக்கிறது.

இப்படி ஒருமுறை பெண்கள் இருவரின் சொல்லை நம்பிக் கடல் கடந்தவர்தான், முதுமையில் திபெத்துக்குப் போவது குறித்தும் தாராவைக் கேட்டார். ஆயுள் குறையும் என்ற சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது? வரலாறுகள் அவர் மறைந்த பிறகு எழுதப்பட்டவை. அவர் மறைந்தது 1054-இல், 72-ஆம் வயதில் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும். கணக்கு அதற்கேற்ப அமைந்திருக்கலாம். ஆனால் அந்த வயதில், திரும்புவது நிச்சயமில்லாத மலைப்பாதையில், அதன் விலை தெரிந்தே ஒருவர் நடந்தார் என்பது கதையல்ல. 1040-இல் புறப்பட்டு, நேபாளத்தில் ஓராண்டு தங்கி, 1042-இல் மேற்குத் திபெத்தை அடைந்தார். அங்கே தோலிங் விகாரையில், முதிர்ந்த மொழிபெயர்ப்பாளர் ரின்சென் சாங்போவைச் சந்தித்தார். 'போதிபத பிரதீபம்' என்ற சிறு நூலை எழுதினார். திபெத்தியப் பௌத்தத்தின் படிமுறைக் கல்வி முழுவதும் அதன் மேல் எழுந்தது.

மூன்று ஆண்டுகளில் திரும்பிவிட வேண்டும் என்பது விக்கிரமசீலத்துக்குக் கொடுத்த வாக்கு. திரும்ப வந்தவரை நேபாளப் பாதையில் மூண்ட சண்டை தடுத்து நிறுத்தியது. இல்லற அடியவர் ஒருவர் சீடராக வருவார் என்று தாரா முன்பே சொல்லியிருந்ததால், அதீசர் நாள்தோறும் உணவில் அவருக்காக ஒரு பங்கு எடுத்து வைத்துக் காத்திருந்தாராம். வந்தவர் ட்ரோம்தோன். தமக்கு வைத்திருந்த பங்கிலிருந்த வெண்ணெயை உருக்கி விளக்கேற்றி, ஆசானின் தலைமாட்டில் வைத்தார். மத்தியத் திபெத்துக்கு வாருங்கள் என்று அவர் அழைக்க, அதீசர் இந்தியா திரும்பும் எண்ணத்தையே விட்டார். ட்ரோம்தோனால் உருவான கதம்பா மரபு, புத்தர், அவலோகிதேஸ்வரர், அசலர் ஆகியோரோடு தாராவையும் தன் நான்கு தெய்வங்களில் ஒருவராக ஏற்றது. வணிகரையும் கடலோடிகளையும் காத்தவள் பனிநாட்டில் வீட்டுக்கு வீடு அழைக்கப்படும் தாயானாள்.

லாசாவுக்குத் தென்மேற்கே, அதீசர் மறைந்த நியேதாங்கில், 'ட்ரோல்மா லாகாங்' எனப்படும் தாரா கோயில் இருக்கிறது. உள்ளே 21 தாராக்களின் உருவங்கள். பண்பாட்டுப் புரட்சியில் திபெத்தின் எத்தனையோ கோயில்கள் இடிந்தபோதும் இது பெரும் சேதமின்றித் தப்பியது. வங்கத்து மண்ணின் மைந்தருடைய நினைவிடம் என்பதால் டாக்காவிலிருந்து விடுக்கப்பட்ட வேண்டுகோளே அதைக் காத்தது என்று சொல்லப்படுகிறது. 1978-இல் அவருடைய அஸ்தியின் ஒரு பகுதி டாக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, தர்மராஜிக விகாரையில் வைக்கப்பட்டது.

(தொடரும்)