பற்றவைக்கும் பொறியின் வரலாறு

பேரா மாநிலத்துத் தஞ்சோங் துவாலாங்கில் 1938-ல் கட்டப்பெற்ற ஈயக்கப்பல் 1982-ல் ஓய்ந்தது. ரப்பர்த் தோட்டங்களும் பல மறைந்தன. இனித் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் வேண்டும். பற்றவைப்பு அவற்றுள் ஒன்று. இன்று ஒரே பொறி, 'ஸ்டிக்', 'டிக்' என்னும் இரு முறைகளுக்கும் உதவுகிறது.

உருகிய உலோகத்தைக் காற்றுத் தீண்டின் இணைப்பு வலுவிழக்கும். இதனைத் தடுக்கவே இரு முறைகளும் பிறந்தன. சுவீடனின் ஆஸ்கர் ஷெல்பெரி இணைக்கும் கம்பிக்கு மேற்பூச்சு இட்டார். 1904-ல் ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கினார். பூச்சு எரிந்து, புகையும் கசடுமாய் உருகலை மூடும். இது ஸ்டிக். அமெரிக்காவின் ரசல் மெரிடித், விமானத்திற்குரிய மக்னீசியத்தை இணைக்க, டங்ஸ்டன் முனையைச் சுற்றி ஹீலியம் செலுத்தி, 1942-ல் காப்புரிமை பெற்றார். இது டிக், இன்று பெரிதும் ஆர்கனே பயன்படுகிறது.

ஸ்டிக்கில் கம்பிப்பிடியைப் பெரும்பாலும் நேர்முனையில் பூட்டுவர், 3.2 மி.மீ. கம்பிக்கு ஏறத்தாழ 90 முதல் 130 ஆம்பியர் வேண்டும். டிக்கில் எஃகை இணைக்கப் பிடி எதிர்முனையில் இருத்தல் வேண்டும். மாற்றிப் பூட்டினால் வெப்பத்தின் பெரும்பகுதி டங்ஸ்டனையே தாக்கி உருக்கிவிடும். அலுமினியத்திற்கு மாறுமின்னோட்டமே ஏற்றது.

முனையை மட்டும் மனப்பாடம் செய்தவன் பொறி மாறினால் திகைப்பான்; காரணம் அறிந்தவன் எந்தப் பட்டறையிலும் பிழைப்பான்.