பத்தாவது முடிச்சதும் எந்த குரூப்? பியூசி காலத்திலிருந்து ஒரு சின்ன வரலாறு

"பையன் டாக்டராகணும், எந்த குரூப் சேர்க்கலாம் சார்?" ரிசல்ட் வந்த வாரத்துல எல்லாரும் கேட்கிற கேள்வி. இதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

1978க்கு முன்னாடி பதினொன்றாவதுதான் எஸ்.எஸ்.எல்.சி. அதை முடிச்ச கடலூர்ப் பிள்ளை, மெடிக்கல் போகணும்னா முதல்ல ஒரு காலேஜ்ல பியூசி படிக்கணும். பக்கத்துல சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். கணக்கா, இயற்கை அறிவியலா என்ற முடிவு அங்கேதான்.

அந்த ஒரு வருசத்துக்கு இன்னொரு வேலையும் இருந்துச்சு. பாடம் பெரும்பாலும் இங்கிலீஷ்ல. தமிழ் மீடியத்துல படிச்சவங்க தடுமாறி, விழுந்து, எழுந்து பழகிக்கிட்டதே அங்கேதான்.

1978ல பிளஸ் டூ வந்துச்சு. முதல் செட் 1980ல பரீட்சை எழுதினாங்க. கடைசி வருசம் காலேஜ்லேருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்துடுச்சு. ஹாஸ்டல் செலவு மிச்சம், பெண்பிள்ளைகளை வெளியூர் அனுப்பத் தயங்கின வீடுகளுக்குப் பெரிய நிம்மதி. நல்ல மாற்றம்தான். ஆனா குரூப் எடுக்கிற வயசு ஒரு வருசம் குறைஞ்சு பதினஞ்சுக்கு வந்துச்சு. இங்கிலீஷ் அதிர்ச்சியும் நேரா எம்.பி.பி.எஸ். முதல் வருசத்துக்குப் போயிடுச்சு. "தொடை எலும்பு"ன்னு படிச்ச பிள்ளைக்கு அனாடமி வகுப்புல அது "ஃபீமர்". புத்திசாலிப் பிள்ளைங்க அங்கே வாயடைச்சு நிக்கிறதை நான் பார்த்திருக்கேன்.

சிதம்பரத்துலேயே மருத்துவக் கல்லூரி வந்தது 1985ல. அப்போ நுழைவுத்தேர்வு வேற ஆரம்பிச்சிருந்தது. கட்-ஆஃப்ல பிளஸ் டூவுக்கு 200: உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. நுழைவுத்தேர்வு போச்சு, 2017ல நீட் வந்துச்சு. அதுலயும் 720ல உயிரியல் 360. பாதிக்குப் பாதி, மாறவே இல்ல. கணக்குக்கு அன்னைக்கும் பூஜ்யம், இன்னைக்கும் பூஜ்யம். கணக்கு-உயிரியல் குரூப் எடுத்தா இன்ஜினியரிங் கதவும் திறந்திருக்கும், அவ்வளவுதான்.

அப்போ பதினஞ்சு வயசுல கணக்கு-கம்ப்யூட்டர் எடுத்துட்டு, பிறகு மனசு மாறினா? ரொம்ப வருசம் கதவு சாத்தியே இருந்துச்சு. 2023 நவம்பர்ல தேசிய மருத்துவ ஆணையம் வழி விட்டுச்சு: பன்னிரண்டாவது முடிச்ச பிறகு, அங்கீகரிக்கப்பட்ட போர்டுல உயிரியலைக் கூடுதல் பாடமா எழுதிப் பாஸ் பண்ணாலும் நீட் எழுதலாம். இது இன்னும் நிறைய வீடுகளுக்குத் தெரியல.