இழுவை இழக்கும் இரண்டு கார்கள்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த கார் திடீரெனத் திணறுகிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாலும் இழுவை இல்லை. ஓரங்கட்டிவிட்டு மறுபடி கிளப்பினால் பழையபடி ஓடுகிறது. பட்டறையில் மெக்கானிக் ஓட்டிப் பார்க்கும்போது ஒரு குறையும் தெரிவதில்லை. பழைய பிரீமியர் பத்மினி கார் வைத்திருந்த குடும்பங்கள் சொன்ன இந்தப் புகாரை இன்று காமன் ரெயில் டீசல் கார் வைத்திருப்பவர்களும் சொல்கிறார்கள். அறிகுறி ஒன்றுதான். உள்ளே நடப்பது வேறு, கண்டுபிடிக்கும் வழியும் வேறு. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வந்துபோகும் கோளாறை எப்படி அணுக வேண்டும் என்பது தெளிவாகிறது.

வெப்பம்

பத்மினியில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருக்கும். கேம் ஷாஃப்ட் தட்டத் தட்ட அதன் டயாஃப்ரம் அசைந்து, பின்னால் உள்ள டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். கோடை வெயிலில் கல்லாறிலிருந்து குன்னூருக்கு இரண்டாம் கியரில் ஏறும்போது குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். திரவத்துக்காகச் செய்த பம்ப் ஆவியைத் தள்ள முடியாமல் தோற்கும். இதுதான் வேப்பர் லாக். ஈரத்துணியைப் பம்ப் மேல் போட்டுக் காத்திருந்ததற்குக் காரணம் இருந்தது: சூடு தணிந்தால் ஆவி மீண்டும் திரவமாகும்.

இன்றைய பெட்ரோல் கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. உறிஞ்சாமல், பல கார்களில் 3 முதல் 4 பார் அழுத்தத்தில் தள்ளுகிறது. அதனால் வேப்பர் லாக் அரிதாகிவிட்டது. ஆனால் வெப்பம் வேறு இடத்தில் வேலை காட்டுகிறது. கிராங்க் ஷாஃப்ட் சுழற்சியைச் சொல்லும் சென்சார் பழுதாகத் தொடங்கினால், சூடேறும்போது சிக்னல் அறுந்து, ஆறியதும் திரும்பலாம். சிக்னல் இல்லையென்றால் இன்ஜினை ஆளும் கணினியான ஈ.சி.யு.வுக்கு எப்போது எரிபொருளைப் பீய்ச்சுவது என்று தெரியாது, பல கார்களில் இன்ஜின் நின்றுவிடும். அன்று வெப்பம் திரவத்தைத் தாக்கியது, இன்று சிக்னலைத் தாக்குகிறது.

எரிபொருள் பற்றாக்குறை

பத்மினி காலத்து டேங்க் மூடியில் காற்று நுழையச் சிறு துளை இருக்கும். அது அடைபட்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உருவாகும். சில மைல் ஓடியதும் வண்டி நிற்கும். மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே இழுக்கப்படும். பிறகு வண்டி ஓடும். செலவே இல்லாத சோதனை அது.

காமன் ரெயில் டீசலில் இதே பற்றாக்குறை நுட்பமாக வருகிறது. இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயான ரெயிலில் அழுத்தம் பல கார்களில் 1,600 பாரைத் தொடும். ஃபில்டர் பாதி அடைத்திருந்தால் ஐடிலிங்கிலும் நகர நெரிசலிலும் எதுவும் தெரியாது. நான்கு பேரும் சாமான்களுமாக, நெடுஞ்சாலையில் லாரியை முந்தும் நொடியில்தான் தேவை எகிறும், அழுத்தம் சரியும். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் ஹோஸில் விரிசல் இருந்தாலும் பாரம் ஏறும்போதுதான் காற்று கசியும். பட்டறை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் இந்தக் கோளாறு சிக்காமல் போவதற்கு இதுவே காரணம்.

முடியாததும் மறுப்பதும்

இரண்டுக்கும் உள்ள ஆழமான வேறுபாடு இங்கேதான். பத்மினி இழுவை இழந்தது, அதனிடம் தர எதுவும் இல்லாததால். இன்றைய கார் பல நேரங்களில் இருப்பதைத் தர மறுக்கிறது. கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் பொருந்தாவிட்டால், அல்லது ஆக்ஸிலரேட்டர் பெடலில் உள்ள இரண்டு சென்சார்கள் முரண்பட்டால், ஈ.சி.யு. பாதுகாப்புக்காக இழுவையைக் கட்டிப்போடுகிறது. மெக்கானிக்குகள் இதை லிம்ப் மோட் என்பார்கள்.

ஆகவே 'ஆஃப் செய்து கிளப்பினால் சரியாகிறது' என்பதன் பொருளும் மாறிவிட்டது. அன்று சரிசெய்தது காத்திருந்த நேரம். இன்று பல கார்களில் சாவியைத் திருப்பியதும் ஈ.சி.யு. மறுபடி சோதித்து, தற்காலிகமாக முழு இழுவையை விடுவிக்கிறது. உடனே கிளப்பியதும் சரியானால் ஈ.சி.யு.வின் கட்டுப்பாட்டைச் சந்தேகிக்கலாம். கால் மணி நேரம் ஆறினால்தான் சரியாகும் என்றால் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். இது தீர்ப்பு அல்ல, தேடலைத் தொடங்கும் இடம். இரண்டிலும் கோளாறு உள்ளேயே இருக்கிறது.

எதை நம்புவது

பழைய மெக்கானிக் காதையும் கையையும் நம்பினார். குழாயைக் கழற்றி பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்த்தார். ஆனால் கோளாறு நடக்கும் நேரத்தில் அவர் அருகில் இருக்க வேண்டும். இன்று ஸ்கேனரைச் செருகினால் 'கோடு' எனப்படும் பிழைக் குறியீடு வரும். கோளாறு பதிவான கணத்தின் வேகம், சூடு, பாரம் ஆகியவையும் கிடைக்கும். இது பெரிய முன்னேற்றம். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் இந்தப் பதிவு அழிந்துபோகலாம் என்பதால், ஸ்கேன் செய்யும் முன் அதைத் தொடக்கூடாது.

ஆனால் கோடு சொல்வது அறிகுறியை, குற்றவாளியை அல்ல. பி 0087 என்றால் ரெயில் அழுத்தம் குறைவு. அடைத்த ஃபில்டர், டேங்கிலிருந்து வரும் குழாயில் காற்று, தேய்ந்த பம்ப், ஒழுகும் இன்ஜெக்டர், பொய் சொல்லும் சென்சார் என எதுவாகவும் இருக்கலாம். துரு ஏறிய எர்த் வயரும் எலி கடித்த வயரிங்கும் தவறான கோடுகளைக் கிளப்பக்கூடும். குறியீட்டைப் படித்தவுடன் பாகத்தை மாற்றுவது, அன்று கண்ணை மூடிக்கொண்டு கார்புரேட்டரை மாற்றியதற்குச் சமம். செலவுதான் பல மடங்கு.

இரண்டு காலத்துக்கும் பொதுவான நல்ல வழி, கோளாறு வரும் சூழலைக் குறிப்பது. கிளம்பி எவ்வளவு நேரம், டேங்கில் எவ்வளவு, ஏற்றமா, ஏசி ஓடியதா, மழையா, எச்சரிக்கை விளக்கு எரிந்ததா, உடனே கிளம்பியதா, ஆறிய பிறகா: இவை எழுத்தில் இருந்தால் மெக்கானிக்கின் தேடல் பாதியாகும்.

பாதுகாப்பில் புதிய கார் கூடுதல் கவனம் கேட்கிறது. பத்மினியின் ஸ்டீயரிங்குக்குப் பவர் உதவியே இல்லை. இன்ஜின் நின்றாலும் கைக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. இன்றைய காரில் இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் இறுகக்கூடும், பிரேக்கும் கடினமாகும். பிரேக்கைத் திரும்பத் திரும்ப அடிக்காமல் ஒரே சீராக அழுத்தி, இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். வண்டி நிற்கும்வரை சாவியைப் பூட்டு நிலைக்குத் திருப்பக்கூடாது. இழுவை விட்டுவிட்டு வரும் காரில் காரணம் தெரியும்வரை முந்தவே கூடாது.

எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்கும் முன், 'எந்தச் சோதனையில் இது தெரிந்தது?' என்று கேளுங்கள். மாற்றிய பிறகு அதே ஏற்றத்தில், அதே பாரத்தோடு, ஸ்கேனரை இணைத்து ஓட்டச் சொல்லுங்கள். எந்தச் சூழலில் இழுவை போனதோ அந்தச் சூழலில் போகாமல் இருந்தால்தான் பழுது நீங்கியது.